கடல் கடந்த குரல்களுக்கும் காப்பகத்தில் இடம் வேண்டும்: ஜப்பான் அரசின் பண்பாட்டு முகமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும், கியோட்டோவில் இயங்கும் முகமையின் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் சென்னையில் இருந்து எழுதுகிறேன். பிறமொழித் தொடர்களுக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதுவது என் தொழில். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு குழந்தைகளுக்கான தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு எழுதத் தொடங்கினேன். இப்போது பெரும்பாலும் இணையத் தளங்களுக்கு எழுதுகிறேன். எழுதியவற்றில் பாதிக்கு மேல் அனிமே எனப்படும் உங்கள் நாட்டு அசைபடத் தொடர்கள். ஜப்பானுக்கு நான் வந்ததில்லை. ஹிராகனாவை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்கு மேல் தெரியாது. ஆயினும், உங்கள் நாட்டில் வரையப்பட்ட சிறுவர் சிறுமியர் எங்கள் வீட்டுக் கூடங்களில் கோபப்பட்டபோதும் அழுதபோதும் பசிக்கிறது என்று சொன்னபோதும் அதற்கான சொற்களைத் தேடிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவர் என்பதால், ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

மங்கா என்னும் படக்கதைகளின் மூல ஓவியங்கள், அனிமேக்காக ஒளி ஊடுருவும் தாளில் வரைந்த ‘செல்’ தாள்கள், பின்னணி ஓவியங்கள் ஆகியவற்றைத் திரட்டிக் காப்பதற்கு உங்கள் முகமை ஆதரவளித்து வருகிறது. எந்தத் தொடர் எப்போது வந்தது, யார் இயக்கியது என்று தேடிப் பார்க்க ஒரு தரவுத்தளத்தையும் அமைத்திருக்கிறது. இந்த நிலைக்கு வருவதே எளிதாக இருக்கவில்லை என்பதையும் அறிவேன். 2009இல் 1,170 கோடி யென் செலவில் இதற்கென ஒரு தேசிய மையம் கட்ட நீங்கள் முன்வைத்த திட்டம், ‘அரசு நடத்தும் மங்கா காபிக்கடை’ என்று எதிர்த்தரப்பின் கேலிக்கு ஆளாகி, ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. அந்தக் கேலியைத் தாண்டி வந்திருக்கும் உங்களிடம் நான் கேட்பது இதுதான்: அனிமேயின் வெளிநாட்டு மொழிப் பதிப்புகளுக்கும் காப்பகத்தில் இடம் தாருங்கள். அரபியிலும் ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் தமிழிலும் அனிமேயைப் பேச வைத்த ஒலிப்பதிவுகளும், அவற்றின் வசனப் பிரதிகளும், அந்தந்த நாட்டில் புதிதாகப் பாடப்பட்ட தலைப்புப் பாடல்களும், இவற்றைச் செய்தவர்களின் பெயர்களும் அனிமேயின் வரலாற்றுக்குள் அடங்கும் ஆவணங்களே என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூலம் நம்மிடம் இருக்கும்போது வெளிநாட்டுப் பிரதி எதற்கு என்று உங்கள் அலுவலர்கள் கேட்கக்கூடும். அதற்கான விடை உங்கள் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது.

1963 ஜனவரி 1 அன்று மங்கா ஓவியர் ஒசாமு தெசுகாவின் ‘டெட்சுவான் ஆட்டம்’ என்ற அனிமே தொடர் ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அது ‘அஸ்ட்ரோ பாய்’ என்ற பெயரில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போயிற்று. ஃபிரெட் லாட் அதன் ஆங்கிலப் பதிப்பை உருவாக்கினார். மொத்தம் 193 அத்தியாயங்களில் 104 அத்தியாயங்கள் ஆங்கிலம் பேசின. அவற்றின் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு பில்லி லூ வாட், கில்பர்ட் மேக், ரே ஓவன்ஸ் ஆகிய மூவரே மாறி மாறிக் குரல் கொடுத்தார்கள். வாரம் ஓர் அத்தியாயம் என்ற ஓட்டத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் தெசுகாவின் நிறுவனம் 34ஆவது அத்தியாயத்தை ‘ஸ்டூடியோ ஜீரோ’ என்ற சிறு குழுவிடம் ஒப்படைத்தது. ஷோதாரோ இஷினொமோரியும், பின்னாளில் டோரேமானின் வழியாக உலகக் குழந்தைகள் அனைவருக்கும் அறிமுகமாகப் போகிறவரை உள்ளடக்கிய ஃபுஜிகோ ஃபுஜியோ இரட்டையரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். வந்து சேர்ந்த படம் தெசுகாவுக்குப் பிடிக்கவில்லை. காலப்போக்கில் அதன் மூலப் படச்சுருள் ஜப்பானில் இல்லாமலே போயிற்று. பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் எஞ்சியிருந்த ஆங்கிலப் பிரதியைக் கண்டெடுத்து, அதற்கு ஜப்பானிய எழுத்துரை சேர்த்துத்தான் உங்கள் நாட்டு ரசிகர்கள் பார்க்க வேண்டியிருந்தது.

இதை நான் முதன்முதலில் அறிந்த நாளில், வேலை செய்துகொண்டிருந்த கோப்பை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். இன்று மங்கா வரலாற்றின் பெரும்புள்ளிகளாக இருப்பவர்கள் இளமையில் சேர்ந்து செய்த ஒரு படத்தை, அதன் பொருள் முழுதும் தெரியாத ஓர் அந்நிய மொழியின் வேலைப் பிரதி காப்பாற்றித் தந்திருக்கிறது.

அனிமே ஏன் இவ்வளவு மொழிகளுக்குள் இவ்வளவு இலகுவாகப் புகுந்தது என்பதற்குப் பலரும் பல காரணங்கள் சொல்கிறார்கள். அழகியல் பற்றிப் பேசுவோர் உண்டு, விலை மலிவைச் சுட்டுவோர் உண்டு. டப்பிங் கூடத்தில் இருந்து பார்க்கும் எனக்கு முதலில் தெரிவது வாய். செலவைக் குறைப்பதற்காக தெசுகாவின் காலத்தில் வேரூன்றிய முறைப்படி, அனிமேயில் பேசும் முகத்துக்குப் பெரும்பாலும் மூன்றே வாய்களை வரைகிறார்கள்: மூடிய வாய், பாதி திறந்த வாய், திறந்த வாய். உதட்டசைவை ஒலிக்கு ஒலி வரைந்த பெரிய அமெரிக்கப் படம் ஒன்றுக்கு வசனம் எழுதும்போது, திரையில் உதடு ஒட்டும் இடத்தில் பகரமோ மகரமோ வரும் சொல்லைத் தேடியே என் பொழுது போய்விடும். அனிமேயில் அந்தத் தொல்லை இல்லை. வாய் எப்போது திறக்கிறது, எத்தனை நேரம் அசைகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்து அந்த அளவுக்குள் சொல்லை உட்கார வைத்தால் போதும். பணத் தட்டுப்பாட்டில் பிறந்த ஒரு சிக்கனம் உலகின் எந்த மொழியும் வந்து பேசிவிட்டுப் போகக்கூடிய ஒரு வாயை உங்களுக்குத் தந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் நாட்டில் பெரும்பாலும் படம் வரையப்பட்ட பிறகுதான் குரல் பதிவாகிறது. மைக் முன் நிற்கும் ஜப்பானிய நடிகரும் எங்கள் நடிகரைப் போலவே ஓடும் படத்தைப் பார்த்து வாயசைவுக்குள் பேசுகிறார். அவர் பேசுவது மூலம், எங்களுடையது நகல் என்று பிரிக்கும் கோடு, வேலை நடக்கும் கூடத்துக்குள் நின்று பார்த்தால் அவ்வளவு தடிமனாகத் தெரிவதில்லை.

இந்தக் கோரிக்கையில் என் சொந்த வருத்தமும் கலந்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு வரும் வசனப் பிரதி எப்போதும் ஆங்கிலத்தில்தான் வரும். சில ஆண்டுகளுக்கு முன்பு, நீண்ட தொடர் ஒன்றில், நாயகன் தொலைந்துபோன ஒருவனைத் தேடிக்கொண்டே இருப்பான். ஆங்கிலப் பிரதியில் அவனை ‘பிரதர்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். படத்தில் அவன் முகத்தைக் காட்டவில்லை. மூத்தவனா இளையவனா என்று கேட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை, ஒலிப்பதிவு நாள் வந்துவிட்டது. ஏக்கத்தோடு தேடுகிறானே என்று எண்ணி ‘அண்ணா’ என்று எழுதினேன். பத்து அத்தியாயங்கள் ஒளிபரப்பான பிறகு வந்த முன்கதையில், நாயகனின் முதுகில் தொற்றிக்கொண்டு ஒரு மூன்று வயதுக் குழந்தை சிரித்தது. அதுதான் அந்த ‘அண்ணன்’. ஜப்பானியத்தில் அண்ணனுக்கு ஒரு சொல்லும் தம்பிக்கு ஒரு சொல்லும் தமிழைப் போலவே தனித்தனியாக இருக்கின்றன. மூலப் பிரதியில் அந்த ஒரு சொல்லை யாராவது எனக்குக் காட்டியிருந்தால் போதும். மாறாக, இரு மொழிகளுக்கும் பொதுவான ஒன்று, அது இல்லாத மூன்றாம் மொழியின் வழியாக வந்து வழியில் விழுந்துவிட்டது.

இப்படி வழியில் விழுபவை இன்னும் பல. ‘உன்னை மன்னிக்க மாட்டேன்’ என்ற தமிழ் வரியும் ‘ஒமாயே ஓ யுருசனாய்’ என்ற ஜப்பானிய வரியும் ஒரே வரிசையில் நடக்கின்றன: முதலில் ஆள், அதோடு ஒட்டிய வேற்றுமை, பிறகு வினை, கடைசியில் மறுப்பு. மறுப்பு கடைசி அசையில் வரும் என்பதைத் தெரிந்துகொண்டே இயக்குநர் அங்கே முகத்தை அருகில் காட்டுகிறார். ஆங்கிலம் மறுப்பை முன்னாலேயே சொல்லிவிடுகிறது. தமிழ் நடிகருக்கு அந்த முகம் அப்படியே பொருந்தும். (தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று உங்கள் நாட்டு அறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டார், மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்திருப்பது மட்டும் என் அன்றாட வேலைக்கு உதவுகிறது.) ஆகவே, வெளிநாட்டுப் பதிப்புக்கு உரிமம் கொடுக்கும்போது ஜப்பானிய மூல வசனத்தையும் ஆங்கிலத்தோடு சேர்த்து அனுப்பும்படி தயாரிப்புக் குழுக்களுக்கு நீங்கள் அறிவுறுத்த வேண்டும் என்பதையும் இந்த மடலில் சேர்த்துக்கொள்கிறேன்.

இனி, இந்தப் பதிப்புகள் போன இடத்தில் என்ன ஆயின என்பதைப் பார்க்க வேண்டும்.

லெபனான் உள்நாட்டுப் போருக்குள் மூழ்கிக் கிடந்த 1970களின் இறுதியில், கோ நாகாயின் ‘கிரெண்டைசர்’ தொடர் அங்கே அரபியில் பதிவாயிற்று. நாயகனுக்கு ஜிஹாத் அல்-அத்ரஷ் குரல் கொடுத்தார். தலைப்புப் பாடலை சமி கிளார்க் பாடினார். வீட்டிலும் தெருவிலும் பேசும் அரபி அல்லாமல், பள்ளிப் புத்தகத்தின் செவ்வரபியிலேயே பாத்திரங்கள் பேசின. செந்தமிழும் பேச்சுத் தமிழும் தனித்தனியே வாழும் மொழியில் எழுதும் எனக்கு இந்த முடிவின் துணிச்சல் புரிகிறது. எந்திர மனிதனை ஓட்டுபவன் இலக்கண சுத்தமாகப் பேசினால் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று நாங்கள் இன்றும் அஞ்சுவோம். அரபுப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் பேச்சு வழக்கு வேறாக இருந்தும், பல நாடுகளின் பிள்ளைகள் ஒரே பதிப்பைப் பார்க்க அந்த மொழிநடை வழி செய்தது. தாயகம் அழிந்து அடைக்கலம் தேடி வந்தவனின் கதை, அழிந்துகொண்டிருந்த ஒரு நகரத்தில் இருந்து வந்த குரல்களில் ஒலித்தது. சமி கிளார்க் 2022இல் காலமானபோது பல அரபு ஊடகங்கள் அவரைக் கிரெண்டைசரின் பாடகராகவே நினைவுகூர்ந்தன. ரியாத்தில் இன்று 33 மீட்டருக்கும் மேல் உயரமான கிரெண்டைசர் சிலை நிற்கிறது. ஜப்பானில் அதே நாகாயின் மசிங்கர் இசட்டின் நிழலில் நின்றுவிட்ட ஒரு தொடர், அரபு நாடுகளில் ஒரு தலைமுறையின் பெயராகவே ஆயிற்று என்றால், அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி பெய்ரூத்தின் ஒலிப்பதிவில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

பிலிப்பைன்ஸில் 1978இல் ‘வோல்டஸ் ஃபைவ்’ என்ற அனிமே தொடர் வந்தது. பாத்திரங்கள் ஆங்கிலம் பேச, மிட்சுகோ ஹோரியே பாடிய தலைப்புப் பாடல் மட்டும் ஜப்பானியத்திலேயே ஒலித்தது. பொருள் தெரியாமலே பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். 1979 ஆகஸ்டில், கதை முடியச் சில அத்தியாயங்களே இருந்தபோது, வன்முறை மிகுதி என்று காரணம் காட்டி மார்கோஸின் அரசு அதைத் தடை செய்தது. கொடுங்கோல் ஆட்சிக்கு எதிராக எழும் கதை என்பதால்தான் தடை வந்தது என்று அன்றைய பிள்ளைகளில் பலர் இன்றும் நம்புகிறார்கள். 1986இல் மார்கோஸ் வீழ்ந்த பிறகே அந்த நாட்டில் அக்கதையின் முடிவு காட்டப்பட்டது. 2023இல் அதே நாட்டின் தொலைக்காட்சி, நடிகர்களை வைத்து அந்தக் கதையைத் தன் சொந்தத் தொடராக எடுத்தபோதும், தலைப்புப் பாடலை ஒரு பிலிப்பினோப் பாடகி ஜப்பானியத்திலேயே பாடினார். இந்தக் கதையின் ஆவணங்கள் உங்கள் காப்பகத்தில் இல்லை என்றால், ‘வோல்டஸ் ஃபைவ்’ எத்தனை அத்தியாயம், யார் இயக்கினார் என்ற அளவில்தான் எதிர்கால ஆய்வாளருக்கு அது தெரியவரும்.

‘டிராகன் பால்’ கதையைப் படைத்த அகிரா தொரியாமா 2024 மார்ச் 1 அன்று காலமானார். அதே மாதம் 10ஆம் தேதி, அர்ஜென்டினாவின் தலைநகரில் தூபிச் சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூடி, அந்தக் கதையின் நாயகன் கோக்குவுக்கு ஆற்றல் அனுப்பும் பாவனையில் இரு கைகளையும் வானை நோக்கி உயர்த்தியது. அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே கை உயர்த்தியவர்களின் காதில் ஒலித்த குரல் எது? ஜப்பானில் 1986 முதல் கோக்குவுக்குக் குரல் கொடுத்துவரும் மசாகோ நொசாவா அம்மையாரின் குரலாக அது பெரும்பாலும் இருந்திருக்காது. லத்தீன் அமெரிக்காவில் வளர்ந்த கோக்கு, மெக்சிகோவின் மரியோ கஸ்தானியேதாவின் குரலில் பேசுபவன்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அது வலுவானதும்கூட. வெளிநாட்டுப் பதிப்புகள் பல, மூலத்தைச் சிதைத்தவை. 1985இல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று தொடர்களை ஒட்டி அமெரிக்காவில் ‘ரோபோடெக்’ என்று ஒரே கதையாக்கினார்கள். ஹயாவோ மியாசாகியின் ‘நௌசிகா’ திரைப்படத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் வெட்டி வேறொரு தலைப்பில் வெளியிட்டார்கள், இனி வெளிநாட்டில் ஒரு காட்சியும் வெட்டக்கூடாது என்று அவருடைய கிப்லி நிறுவனம் பிடிவாதமாக நிற்கத் தொடங்கியது அந்தக் காயத்தால்தான். அப்படிப்பட்ட பிரதிகளை அரசு செலவில் பாதுகாப்பது படைப்பாளிகளை அவமதிப்பதாகாதா என்று கேட்கலாம். பாதுகாப்பது பாராட்டுவதாகாது. எதை வெட்டினார்கள், எந்தப் பெயரை மாற்றினார்கள், எங்கே அஞ்சினார்கள் என்பதெல்லாம் அந்த நாட்டின் அன்றைய மனநிலைக்குச் சான்று; சான்றை அழித்தால் காயத்தின் கதையும் அதனோடு போய்விடும். என் ‘அண்ணா’வும் அந்தச் சிதைவுகளின் பட்டியலில் இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

தவிரவும், மூலம் எது என்பதே எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. யூகோ சாகோ முன்னெடுக்க, இந்தியரும் ஜப்பானியரும் சேர்ந்து உருவாக்கி 1992இல் முடித்த இராமாயண அனிமேப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் வரையப்பட்டது, கதை எங்களுடையது, முதலில் எழுதப்பட்ட உரையாடலோ ஆங்கிலம். இந்தியில் அருண் கோவில் இராமனுக்கும் அம்ரிஷ் புரி இராவணனுக்கும் குரல் கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் படம் மெருகேற்றப்பட்டு இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது தமிழிலும் பேசியது. இந்தப் படத்தின் பழைய இந்திக் குரலையும் புதிய தமிழ்க் குரலையும் காப்பது டோக்கியோவின் பொறுப்பா, டில்லியின் பொறுப்பா? இரண்டு பக்கமும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் நாட்டு மௌனப் படங்களில் மிகப் பெரும்பாலானவற்றை நாங்கள் அப்படித்தான் இழந்தோம்.

உங்கள் தொழில்துறையின் சொந்தக் கணக்குப்படி, 2023இல் அனிமேயின் சந்தை மதிப்பு ஏறத்தாழ 3.35 லட்சம் கோடி யென், அதில் 1.72 லட்சம் கோடி, அதாவது பாதிக்கு மேல், வெளிநாட்டில் இருந்து வந்தது. விளையாட்டு, திரைப்படம், மங்கா உள்ளிட்ட படைப்புகளின் வெளிநாட்டு வருவாயை 2033க்குள் 20 லட்சம் கோடி யென் ஆக்குவது என்று உங்கள் அரசு இலக்கு வைத்துள்ளது. அந்த வருவாயில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது தயாரிப்புக் குழுக்களோடும் இங்குள்ள நிறுவனங்களோடும் நாங்கள் பேச வேண்டியது. உங்கள் நாட்டில் இரவு பகலாக வரையும் இளைஞர்களின் கூலிக் கணக்கே இன்னும் சரியாகத் தீராத நிலையில் எங்கள் கணக்கை உங்களிடம் நீட்டுவது முறையாகவும் இருக்காது. நான் கேட்பவற்றுக்குப் பெருஞ்செலவும் இல்லை. வெளிநாட்டு உரிம ஒப்பந்தங்களில், முடிக்கப்பட்ட ஒலிப்பதிவின் ஒரு பிரதியும், வசனக் கோப்பும், மொழிபெயர்ப்பாளர், வசனகர்த்தா, குரல் கலைஞர், ஒலிப்பதிவாளர் ஆகியோரின் பெயர்ப் பட்டியலும் ஜப்பானுக்குத் திரும்பி வர வேண்டும் என்ற ஒரு பிரிவைச் சேர்க்கும்படி நீங்கள் பரிந்துரைக்கலாம். உங்கள் தரவுத்தளத்தில் ஒவ்வொரு தொடருக்கும் கீழே வெளிநாட்டுப் பதிப்புகளுக்கென்று ஒரு பகுதியைத் திறக்கலாம். பழைய பதிப்புகளைப் பொறுத்தவரை, அந்தந்த நாட்டில் உள்ள உங்கள் தூதரகங்களின் வழியாக, ஒலிநாடாக்களை வைத்திருப்பவர்கள் ஒப்படைக்கலாம் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டாலே போதும். உரிமைச் சிக்கல் தீரும்வரை அவற்றை யாருக்கும் காட்ட வேண்டாம், பெட்டியில் பூட்டியே வையுங்கள்.

ஒரு வேண்டுகோளை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: முதலில் பெயர்களைத் திரட்டுங்கள். நான் எழுதிய தொடர்கள் எதிலும் இறுதியில் என் பெயர் ஓடியதில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு நேரம் வேண்டும் என்று பெயர்ப் பட்டியலையே வெட்டிவிடுவார்கள். குறும்புக்காரச் சிறுவன் ஒருவனுக்கு ஏழு ஆண்டுகள் குரல் கொடுத்த அம்மையார் ஒருவர் எங்கள் பகுதியிலேயே வசிக்கிறார். காய்கறிக் கடையில் அவர் விலை கேட்டால், பக்கத்தில் நிற்கும் கல்லூரி மாணவர்கள் சட்டென்று திரும்பிப் பார்ப்பார்கள். எங்கே கேட்ட குரல் என்று அவர்களுக்குப் பிடிபடாது, அவரும் சொல்ல மாட்டார். அவருக்கு இப்போது வயது அறுபத்தெட்டு. எந்தெந்த அத்தியாயத்தில் தான் பேசினோம், எதில் உடல்நலமில்லாமல் வேறொருவர் பேசினார் என்பது அவர் நினைவில் மட்டுமே இருக்கிறது.

என்னிடம் 2011 முதல் எழுதிய வசனப் பிரதிகள் இரண்டு இரும்புப் பெட்டிகள் நிறைய இருக்கின்றன. வாயசைவின் அளவை நொடிக் கணக்கில் ஓரத்தில் குறித்து, அடித்துத் திருத்திய தாள்கள். 2015 வெள்ளத்தில் கீழ்ப்பெட்டி நனைந்து, அதில் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டுவிட்டது. மீதி படிக்கும் நிலையில் உள்ளது. மேற்சொன்ன அம்மையாரோடு உட்கார்ந்து அவற்றுக்கு ஓர் அட்டவணை தயாரித்து வருகிறேன். இவற்றைப் பெற்றுக்கொள்ள உங்கள் முகமையில் எந்தப் பிரிவு பொறுப்பேற்கும், எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்பதைச் சென்னையில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தின் வாயிலாகத் தெரிவித்தால், அடுத்த மழைக்காலத்துக்குள் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டப்பிங் வசனகர்த்தா ஒருவர்
சென்னை